வால் தாழணும், மூக்கு நிமிரணும்: கேப் காட் கால்வாய்க்கு ஒரு மர பிளக்

[காட்சி: இன்னும் விடியவில்லை. பாறைக் கரை நெடுக வரிசையாகத் தலைவிளக்குகள். தண்ணீர் ஓடும் சத்தம்.]

வணக்கம். மணி காலை நாலேகால். நான் நிற்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கால்வாய்க் கரையில். 1914-இல் திறந்த கால்வாய் இது. 1930-களில் அகலப்படுத்தினார்கள். இப்போது அகலம் சுமார் 146 மீட்டர். இரண்டு முனையிலும் இரண்டு விரிகுடாக்கள். ஓதம் ஏறுவதும் இறங்குவதும் இரண்டிலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை, ஒரே உயரத்துக்கும் வருவதில்லை. அதனால் நடுவில் மாட்டிக்கொண்ட இந்தக் கடல் தண்ணீர் வெள்ளம் வந்த ஆறு மாதிரி ஓடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பி எதிர்த்திசையில் ஓடும்.

அந்த ஓட்டத்தில் மென்ஹேடன் என்ற மீன் கூட்டம் கூட்டமாக அடித்துக்கொண்டு வரும். மத்திக்கு உறவான மீன், பங்கர் என்றும் சொல்வார்கள். அதைத் தின்ன வருவதுதான் ஸ்ட்ரைப்ட் பாஸ். வெள்ளி உடம்பு, செவுளில் இருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். பார்த்தால் நம் கொடுவா நினைவுக்கு வரும், ஆனால் வேறு குடும்பம்.

இந்தக் கால்வாயில் படகில் இருந்து மீன் பிடிக்க அனுமதி கிடையாது. எல்லாரும் கரையில் நின்றுதான் எறிகிறோம். மீன் நடுக்கால்வாயில் துள்ளும், எறிவது அங்கே போய்ச் சேராது. கைக்கு எட்டாத அந்தத் தூரத்தை எட்டுவதற்காகப் பிறந்ததுதான் நாம் இன்று செய்யப்போகும் பொருள்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பிளக். மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறோம்.]

இதன் பெயர் பென்சில் பாப்பர். மரத்தில் செய்த பொய் இரை. லூர் என்று நாம் சொல்வதை இந்தக் கரையில் பிளக் என்பார்கள். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் ஸ்டான் கிப்ஸ். இதே கால்வாயில் மீன் பிடித்து, இதே கால்வாய்க்காக மரம் கடைந்தவர். பஸர்ட்ஸ் பே பக்கம் போனால் அவருக்கு ஒரு சிலையே இருக்கிறது. மீன் பிடிக்கிறவருக்குச் சிலை வைத்த ஊர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

மூக்குப் பக்கம் ஒல்லி, வால் பக்கம் தடிப்பு. வாலுக்குள் ஈயம். எறியும்போது வால் முன்னால் பறக்கும், காற்றில் சுழலாமல் நேராகப் போகும். தண்ணீரில் விழுந்ததும் வால் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்துச் சாய்வாக நிற்கும். தூண்டில் கோலை உதறினால் அந்த மூக்கு இடமும் வலமும் தண்ணீரை அறையும். அடிபட்ட மீன் மேலே வந்து துடிப்பது போலவே இருக்கும்.

முதல் பிளக் செய்பவர்கள் பெரும்பாலும் பெயின்டில் மனதை விடுவார்கள். நானும் விட்டேன். இன்று சொல்கிறேன், ஈயம் எங்கே உட்காருகிறது என்பதில்தான் இது நீந்துவதும் நீந்தாததும். பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே அது முடிவாகிவிடும்.

[காட்சி: கொட்டகை. மேசையில் மூன்று மரத்துண்டுகள்.]

முதலில் மரம். நான் எடுப்பது அலாஸ்கா மஞ்சள் சிடார். லேசான மரம், ஆனால் பஞ்சு இல்லை. கடைந்தால் வழுவழுப்பாக வரும். பைனும் போதும், விலை குறைவு, ஆனால் சீக்கிரம் பள்ளம் விழும். மேப்பிள், பிர்ச் கனமான மரங்கள். இரவில் ஆழத்தில் மெதுவாக இழுக்கும் நீடில்ஃபிஷ் என்ற பிளக் வகைக்கு நல்லது, இதற்கு வேண்டாம். மூன்று சென்டிமீட்டர் சதுரம், 17 சென்டிமீட்டர் நீளம். இழை நேராக ஓடுகிறதா, முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

அடுத்தது துளை. பொறுமை வேண்டிய இடம் இது.

[காட்சி: லேத்தில் சதுரக் கட்டை சுழல்கிறது. நீள டிரில் முனை மெதுவாக உள்ளே போகிறது.]

மூக்கில் இருந்து வால்வரை ஒரே துளை, மூன்று மில்லிமீட்டர். இதைக் கடைவதற்கு முன்பே போட வேண்டும். ஏன்? டிரில் முனை மரத்துக்குள் போகப் போக இழையின் போக்கில் நழுவும். கடைந்து முடித்த பிறகு துளை போட்டு, அது பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்த்தால் அத்தனை வேலையும் வீண். சதுரமாக இருக்கும்போது துளை போட்டுவிட்டு, அந்தத் துளையையே நடுவாக வைத்துக் கடைந்தால், கடைசியில் உடம்பு துளையைச் சுற்றி அமைந்துவிடும்.

இங்கே டிரில் சுழலவில்லை, கட்டைதான் சுழல்கிறது. அதனால் முனை நடுவை விட்டு அதிகம் விலகாது. பாதி இந்தப் பக்கம், கட்டையைத் திருப்பி மீதி அந்தப் பக்கம். ஒவ்வொரு இரண்டு சென்டிமீட்டருக்கும் முனையை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். தூள் அடைத்தால் முனை சூடாகும், மரம் கருகும். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும்போது கையில் ஒரு சின்ன விடுதலை தெரியும். அந்த நொடிக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இத்தனை பாடு எதற்கு? இந்தத் துளை வழியாக ஒரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி மூக்கில் இருந்து வால்வரை ஓடப்போகிறது. தடிப்பு 1.6 மில்லிமீட்டர். தங்கூசி கட்டுவதும் அந்தக் கம்பியில், முள் தொங்குவதும் அந்தக் கம்பியில். புளூஃபிஷ் என்று ஒரு மீன் இங்கே உண்டு, பல் கத்தி மாதிரி. அது கடித்து மரம் இரண்டாகப் பிளந்தாலும் மீன் கம்பியில் இருக்கும். திருகாணி போட்டு முள் மாட்டிய பிளக்கில், பெரிய மீன் திமிறினால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். அப்புறம் வாயில் முள்ளோடு போகிற மீனை நினைத்தால் தூக்கம் வராது.

கட்டை சதுரமாக இருக்கும்போதே வயிற்றுப் பக்கம் இரண்டு துளைகள். இரண்டும் 12 மில்லிமீட்டர் அகலம். முன்னால் இருப்பது ஸ்விவலுக்கு, அதாவது வயிற்று முள்ளைத் தாங்கும் சுழலும் வளையத்துக்கு, நடுத்துளையைத் தாண்டி ஆழமாகப் போகும். ஸ்விவலின் கண் உள்ளே நடுக்கோட்டில் நிற்கும், கம்பி அதற்குள் நுழைந்து போகும். பின்னால் இருப்பது ஈயத்துக்கு, நடுத்துளையைத் தொடவே கூடாது. கடைந்த பிறகு ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சும்படி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: கடைசல் உளி, சுருள் சுருளாக மரச்சீவல்.]

கடைவது கண்ணுக்கு விருந்து, ஆனால் சொல்ல அதிகம் இல்லை. முகக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். சிடார் தூள் நெஞ்சைக் கரிக்கும். வால் பக்கம் 26 மில்லிமீட்டர் தடிப்பு, அங்கிருந்து மூக்கு வரை சீராக ஒல்லியாகட்டும். மூக்கின் முகத்தை லேசாகச் சாய்வாக வெட்டுங்கள். பிறகு உப்புத்தாள், 120-இல் தொடங்கி 320 வரை.

[காட்சி: சமையலறைத் தராசு. மேலே தண்ணீர் ஜாடி.]

இப்போது ஈயக் கணக்கு. தராசில் தண்ணீர் ஜாடியை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மரத்தை ஒரு ஊசியால் குத்தி, ஜாடியைத் தொடாமல், முழுக்க மூழ்கும்வரை அமுக்குங்கள். தராசு காட்டுகிற எடைதான் அது ஒதுக்கும் தண்ணீரின் எடை. என்னுடையது 65 கிராம் காட்டுகிறது. கடல் தண்ணீர் கொஞ்சம் கனம், அதனால் 66 என்று வைத்துக்கொள்வோம். மொத்த பிளக்கும் 66 கிராமைத் தாண்டினால் மூழ்கிவிடும்.

சரி, செலவைக் கூட்டுவோம். மரம் 31. கம்பி 5. வயிற்று முள், ஸ்விவல், வளையம் எல்லாம் சேர்ந்து 10. வால் முள் 4. பிரைமர், பெயின்ட், எபாக்சி என்ற இறுகும் பசைப் பூச்சு சேர்ந்து சுமார் 3. ஆக 53. மீதம் 13 கிராம். அதை முழுக்க ஈயமாகப் போட்டால் தண்ணீர் மட்டத்தில் பிணம் போலக் கிடக்கும். நான் 9 போடுகிறேன். மூக்கை நிமிர்த்தி வைக்க நாலு கிராம் மிதப்பு மிச்சம் இருக்கிறது. 9 கிராம் ஈயம், 12 மில்லிமீட்டர் துளையில் ஏழு மில்லிமீட்டர் உயரம் பிடிக்கும். துளை ஆழத்தை அதனால்தான் அப்படிச் சொன்னேன். வயிற்றுப் பக்கம் இருப்பதால், முள் எப்போதும் கீழே பார்க்கவும் அந்த ஈயமே உதவுகிறது.

ஆனால் கணக்கை நம்பி ஒட்டிவிடாதீர்கள். பத்து லிட்டர் வாளியில் 350 கிராம் கல்லுப்பைக் கரையுங்கள். ஈயம், முள், எல்லாவற்றையும் டேப்பால் அந்தந்த இடத்தில் ஒட்டி வாளியில் விடுங்கள்.

[காட்சி: வாளிக்குள் மூன்று பிளக்குகள், மூன்று விதமாக.]

இதோ இடது பக்கம், ஈயம் அதிகம். தக்கை மாதிரி செங்குத்தாக நிற்கிறது. கோலை உதறினால் மேலும் கீழும் குதிக்கும், பக்கவாட்டில் ஆடாது. வலது பக்கம், ஈயம் போதவில்லை. படுத்தே கிடக்கிறது. வேகமான ஓட்டத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நடுவில் இருப்பதைப் பாருங்கள். வால் தண்ணீருக்குள், மூக்கு சாய்வாக வெளியே, ஏறக்குறைய 45 பாகை. விரலால் தட்டினால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதே சாய்வுக்கு வருகிறது. இதுதான் வேண்டும். ஈயத்தை அரை சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினாலே இந்தச் சாய்வு மாறும். அதனால் முதல் முறை செய்கிறவர்கள், ஈயத் துளையைப் போடாமல் வைத்திருந்து, டேப்பால் ஈயத்தை நகர்த்திப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. வளைந்த உடம்பில் துளை போடுவது சிரமம்தான், இருந்தாலும் கற்றுக்கொள்ள அதுவே வழி.

இடம் முடிவானதும் ஈயத்தை எபாக்சி வைத்து ஒட்டி, மேலே நிரவி, தேய்த்துவிடுங்கள்.

[காட்சி: கண்ணாடிக் குப்பியில் எண்ணெய்க்குள் மரம்.]

மரத்துக்குள் தண்ணீர் போகாமல் அடைக்கும் வேலையில்தான் நான் சூடுபட்டேன். முதல் வருடம் செய்த ஆறு பிளக்குகளுக்கு, வெளியே மட்டும் இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். நடுத்துளையின் உட்புறத்தை மறந்துவிட்டேன். இரண்டாவது வாரமே வால் துளை வழியாகத் தண்ணீர் குடித்து மரம் உப்பி, பெயின்ட் நெடுக வெடித்தது. நிமிர்ந்து நின்ற மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆறையும் தூக்கிப் போட்டேன்.

இப்போது முழு உடம்பையும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு கலந்து, ஒரு இரவு முழுக்க ஊறப் போடுகிறேன். துளைக்குள்ளும் போகும். காலையில் எடுத்துத் துடைத்து, வாசனை அடங்கும்வரை தொங்கவிடுகிறேன். ஒரு வாரமாவது ஆகும், குளிர்காலத்தில் இன்னும் கூட. அவசரப்பட்டால் மேலே அடிப்பது ஒட்டாது.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியைத் தனித்தனியாக விரித்து வெளியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

[காட்சி: பிளக் மேல் வலைத்துணி. ஏர்பிரஷ்.]

பெயின்ட். அரக்கில் செய்த வெள்ளை பிரைமர் ஒரு கை. காய்ந்ததும் வயிறு வெள்ளை, முதுகு பச்சை நீலம். பக்கத்தில் இந்த வலைத்துணியை இறுக்கிக் கட்டி வெள்ளியை ஊதினால் செதில் வந்துவிடும், கல்யாண முக்காட்டுத் துணிதான். விடியற்காலையில் மீன் கீழே இருந்து வானத்தைப் பார்க்கிறது, அதற்குத் தெரிவது பெரும்பாலும் நிழலுருவம்தான் என்பது என் எண்ணம். அதனால் நான் இதில் அரை மணிக்கு மேல் செலவழிப்பதில்லை. மேலே இரண்டு பகுதி எபாக்சி. நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று மெதுவாகச் சுழலும் மோட்டாரில் மாட்டிவிட்டால் வழியாமல் சமமாகப் படியும்.

கடைசியில் கம்பி. வாலில் இருந்து நுழைத்து, ஸ்விவலின் கண்ணைத் தேடிப் பிடித்து, மூக்கில் வெளியே. இரண்டு முனையிலும் குறடால் வளையம், வளையத்தின் கழுத்தைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கமாக.

[காட்சி: குறடு, தூண்டில் முள், அண்மைக் காட்சி.]

வயிற்றில் மூன்று முனை முள், வாலில் ஒற்றை முள். எல்லாவற்றிலும் எதிர்முள்ளை, அதாவது முள் கழன்றுவிடாமல் தடுக்கும் சின்னக் கூரை, குறடால் நசுக்கி மழுங்கடித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. 1980-களில் ஸ்ட்ரைப்ட் பாஸ் கிட்டத்தட்ட அழியும் நிலைக்கு வந்தது. 1984-இல் இதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1985 முதல் 1990 வரை மேரிலாந்து மாநிலத்தில் பிடிக்கவே தடை. 1995-இல்தான் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். இப்போது எண்ணிக்கை மறுபடி சரிந்திருக்கிறது. 28 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும், 2023-இல் மேல் வரம்பையும் 31 அங்குலமாகக் குறைத்தார்கள். பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். ஆக, பிடிப்பதில் முக்கால்வாசியைத் திருப்பி விடப்போகிறோம். முள் சுலபமாகக் கழல வேண்டும்.

[காட்சி: மறுபடி கால்வாய். கிழக்கே வெளுக்கிறது.]

ஓட்டத்துக்கு மேல்பக்கமாகச் சாய்த்து எறிகிறேன். கோலின் அடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, இடது கை ரீலுக்கு மேலே பிடித்து, நுனியை விடாமல் உதறுகிறேன். வலது கை மெதுவாகச் சுற்றுகிறது. உதறல் வேகமாக, சுற்றல் மெதுவாக. பாருங்கள், மூக்கு இடமும் வலமும்... அதோ, பின்னால் தண்ணீர் குழிகிறது. தவறவிட்டது. நிறுத்தாமல் உதற வேண்டும்... பிடித்துவிட்டது!

[காட்சி: கரையோரத் தண்ணீரில் மீன். அளவு நாடா.]

37 அங்குலம். தண்ணீரை விட்டுத் தூக்கவில்லை. முள்ளைக் கழற்றி, கீழ்த்தாடையைப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்திருக்கிறேன். வாயைத் திறந்து மூடுகிறது. விரலைக் கடிக்கிறது இப்போது, கடித்தால் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். போய்விட்டது.

[காட்சி: வீடு. மேசை விளக்கின் கீழ் அதே பிளக்.]

வயிற்று முள் ஆடி ஆடி எபாக்சியில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, மரம் தெரிகிறது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டேன். கீறலில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கிறேன். நாளைக் காலை நாலரைக்கு ஓட்டம் திரும்புகிறது, அதற்குள் காய்ந்துவிடும்.