ஆவணி வெயிலும் அந்தி மழையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடிக்காற்று அடங்கிவருகிறது. இனி ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை தமிழ்நாட்டின் வானிலை எப்படி இருக்கும் என்று சொல்லும்படி அழைத்திருக்கிறார்கள். ஒரே வரியில் கேட்டால், புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்ற பழமொழிதான் என் முன்னறிவிப்பு. காய்வதும் பெய்வதும் பெரும்பாலும் ஒரே நாளில் நடக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கத்திரி முடிந்தால் வெயில் முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சூரியன் நம் தலைக்கு மேலே ஆண்டுக்கு இருமுறை வருகிறது. சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுமுறை. கன்னியாகுமரிக்கு இந்த இரண்டாம் முறை செப்டம்பர் தொடக்கத்தில் வருகிறது. அந்த நண்பகலில் நட்ட கம்புக்கு நிழல் விழாது. இதோடு மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்திலும் குடகிலும் ஈரத்தைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தம் கூடிச் சூடேறும். அதனால்தான் அண்மை ஆண்டுகளில் மதுரையில் செப்டம்பரில்கூட 40 டிகிரியைத் தாண்டிய நாட்களைப் பார்த்தோம். கடலோரத்தில் எண் இதைவிடக் குறைவாக இருக்கலாம், உடம்புக்கு அது ஆறுதல் அல்ல. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடல் குளிராது. சித்தாள் வேலை செய்பவர்களும் பிற்பகலில் மைதானத்தில் ஓடும் பள்ளிப் பிள்ளைகளும் சித்திரையில் எடுத்துக்கொண்ட கவனத்தை இப்போதும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் பெய்யும் மழைக்கு எரிபொருளே இந்த வெயில்தான். காய்ந்த தரை காற்றைச் சூடாக்கி மேலே தள்ளுகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்க, வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று பிற்பகலில் உள்ளே நுழையப் பார்க்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் எழும். சில நாள் ஸ்ரீபெரும்புதூரில், சில நாள் கடற்கரையை ஒட்டியே. இன்னும் சில நாட்களில் சித்தூர், வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கிளம்பிய மேகக்கூட்டம் மேற்குக் காற்றோடு நகர்ந்து, திருவள்ளூரைத் தாண்டி, ஊர் உறங்கும் நேரத்தில் சென்னைக்கு வந்துசேரும்.

மாலை நான்கு மணிக்கு மேற்கு வானத்தைப் பாருங்கள். வெள்ளை மேகம் குமிழ் குமிழாக மேலே வளர்ந்துகொண்டிருந்தால் கவனியுங்கள். அதன் உச்சி தட்டையாகி ஒரு பக்கமாக விரிந்துவிட்டால், மேகம் முற்றிவிட்டது என்று பொருள். பிறகு புழுக்கம் சட்டென்று விலகி, புழுதியோடு குளிர்ந்த காற்று வீசும். மழை பெய்யும் இடத்திலிருந்து கீழே கொட்டிப் பரவும் காற்று அது. எல்லா வீடுகளிலும் துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஓடுவது அந்த நேரத்தில்தான். துணி நனைந்தால் மறுபடி காயவைக்கலாம். இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் நிற்கிறீர்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை வெளியே வராதீர்கள்.

இந்த மழையைப் பருவமழைக்கு முந்தைய சில்லறை மழை என்று ஒதுக்கிவிடுகிறோம். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையிலேயே பெய்துவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 30 அன்று இரவு வடசென்னையில் மணலிப் பகுதியில் 27 சென்டிமீட்டர் கொட்டியது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் அது அதி கனமழை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். மீதிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் நம் ஊர்களில் வடிகால் வேலைக்குக் கெடு வைக்கும்போது அக்டோபரை மனத்தில் வைத்துத்தான் வைக்கிறார்கள். ஆவணி மழை வரும் நேரத்தில் பாதித் தெருக்கள் தோண்டிக் கிடக்கின்றன. தண்ணீர் நிரம்பிவிட்டால் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாது. எனக்கு இது பிடிபடாத ஏற்பாடு. மேகத்துக்கு நம் கெடு தெரியாது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரவில் வண்டி ஓட்டுபவர்கள் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றியே போய்விடுங்கள்.

காவிரிக் கரையில் உள்ளவர்களுக்கு வெள்ளம் வேறு வழியில் வரும். அவர்கள் தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வயநாட்டில் பெய்த மழை கபினி அணையையும், குடகில் பெய்தது கிருஷ்ணராஜ சாகரையும் நிரப்பி, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக மேட்டூர் அணைக்கு வரும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டமான 120 அடி நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. 2018 ஆகஸ்டில் கேரளமே மழையில் மூழ்கியபோது, திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்தது. சில நாட்களில் முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒன்பது உடைந்து போயின. ஆகவே டெல்டாக்காரர்கள் உள்ளூர் வானத்தைப் பார்த்து வெள்ளத்தை எடைபோட வேண்டாம், மேட்டூரின் நீர்வரத்தைப் பாருங்கள். ஆடு மாடுகளை ஆற்றுத் திட்டில் கட்டிவைத்திருப்பவர்கள் தண்டோராவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

வானிலை அறிக்கையை எப்படிக் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன், அதைக் கேலி செய்பவர்கள் அதிகம். ஓரிரு இடங்களில் மழை என்றால், ஒரு மாவட்டத்தில் உள்ள மழைமானிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நனையாது என்பது கணக்கு. உங்கள் தெரு நனையவில்லை என்பதால் அறிக்கை பொய்யாகிவிடாது. இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான், ஆயுளும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அது எந்தத் தெருவில் எழும் என்று காலையிலேயே சொல்லும் கருவி உலகில் இல்லை. ஆனால் மேகம் எழுந்தபின் ராடாரில் தெரிந்துவிடும். அதனால் இந்தப் பருவத்தில் காலை அறிக்கையைவிட, மாலையில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று வெளியிடும் எச்சரிக்கை மிகவும் பயன் தரும். மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

குறுவை அறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்கத் தயங்குவார்கள். களத்தில் காயும் நெல்லை ஒரு மணி நேர மழை அந்த அளவைத் தாண்டவைத்துவிடும். காலையில் வெயில் கடுமையாக இருக்கிறதே என்று தெம்பாக இருந்துவிடாதீர்கள், அன்றைக்குத்தான் மாலை மழைக்கு வாய்ப்பு அதிகம். பிற்பகல் மூன்று மணிக்குள் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி, ஓரத்தில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் வெட்டிவிடுங்கள்.

வணக்கம்.