ஆறு மணி பேட்ச், ஆறு இருபதுக்கு வருபவர்

வணக்கம் நண்பர்களே. தலை இன்னும் காயவில்லை, அப்படியே உட்கார்ந்து பேசுகிறேன். மணி 7:05. 6 மணிக்குத் தொடங்கும் எங்கள் நீச்சல் பேட்ச் இப்போதுதான் முடிந்தது. குளத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இருக்கிறேன், பின்னால் கேட்பது அடுத்த பேட்ச் பிள்ளைகளின் சத்தம்.

இன்று காலை 6:22-க்கு குளத்தில் ஒரு அக்கா வந்து இறங்கினார். யாரும் நீந்துவதை நிறுத்தவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் பாட்டுக்கு வந்தார், சேர்ந்துகொண்டார், 7 மணிக்கு எங்களோடு சிரித்துக்கொண்டே கிளம்பினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனது நிறைந்துவிட்டது. ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தத் தாமதத்தாலேயே எங்கள் குழு உடையப் பார்த்தது.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு 25 மீட்டர் குளம். காலை 6 முதல் 7 வரை பெரியவர்கள் 14 பேர், இரண்டு லேன், அதாவது வரிசையாக நீந்த இரண்டு பாதை. மளிகைக் கடைக்காரர் இருக்கிறார், டீச்சர் இருக்கிறார், ஐடி வேலைக்காரர்கள் நாலைந்து பேர். 62 வயதில் ஒரு சார் இருக்கிறார், வங்கியில் ஓய்வு பெற்றவர். மாஸ்டர்ஸ் போட்டியில் 60 முதல் 64 வயதுப் பிரிவில் நீந்தவேண்டும் என்று உழைக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் உடம்புக்காகவும் மனதுக்காகவும் வருகிறவர்கள். லேட்டானால் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. நாங்களே அப்பா அம்மாக்கள்.

லேட்டாக ஒருவர் வந்தால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நானும் முதலில் நினைத்தேன். லேனில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் லேனில் 100 மீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 10 வினாடி ஆகும். அப்படியென்றால் குளத்தின் மறுமுனைக்குப் போய்த் திரும்ப, மொத்தம் 50 மீட்டருக்கு, 65 வினாடி. ஆளுக்கு 10 வினாடி இடைவெளி விட்டுக் கிளம்புகிறோம். ஆறு பேர் இருந்தால் கடைசி ஆள் 50-வது வினாடியில் கிளம்புவார், முதல் ஆள் 65-வது வினாடியில் சுவருக்கு வந்துவிடுவார். நடுவில் 15 வினாடி இருக்கிறது, தாராளம். ஏழாவது ஆள் சேர்ந்தால் அது 5 வினாடியாகிவிடும். அந்த ஏழாவது ஆள் உடம்பு சூடாகாமல் மெதுவாக வேறு நீந்தினால், பின்னால் வருகிறவர் கை அவர் காலில் இடிக்கும். அவர் வரிசையின் நடுவில் புகுந்தால் இன்னும் மோசம், லேன் மொத்தமும் சுவரில் தேங்கி நிற்கும். எட்டு 100 மீட்டர், இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று என்று கோச் கொடுத்தால் அது சரியாக 20 நிமிட செட், அதாவது ஒரு சுற்றுப் பயிற்சி. நடுவில் ஒருமுறை நின்றால் அந்தத் தாளம் திரும்ப வராது. அந்த 62 வயது சார் அதற்காகத்தான் நாலரைக்கே எழுந்து வருகிறார்.

லேட்டாக வருகிறவருக்கும் ஆபத்து இருக்கிறது. அவசரத்தில் வார்ம் அப் செய்யாமல் நேராக செட்டில் குதிப்பார். நம்மைப் போன்றவர்கள் 25 மீட்டருக்கு 20 தடவை கை வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள், 1000 மீட்டருக்கு 800 வீச்சு. தோள் மூட்டைச் சுற்றி ரொடேட்டர் கஃப் என்று நான்கு சின்னத் தசைகள் இருக்கின்றன, அவைதான் அத்தனையையும் தாங்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய தோளை எழுப்பாமல் வேலை வாங்காதீர்கள். நான் அப்படிச் செய்து ஆறு வாரம் பின்னல் கூடப் போட முடியாமல் இருந்தேன்.

அப்புறம் ஷவர். லேட்டானவர்கள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். வியர்வையோடு குளத்தில் இறங்கினால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாக மாறும். கண் எரிவதும் அந்த நெடியும் பெரும்பாலும் அதனால்தான். ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் போதும். அந்த ஒரு நிமிடத்தை யாருக்காகவும் விடாதீர்கள்.

சரி, பழைய கதைக்கு வருகிறேன். அப்போது இருந்த கோச் ஒரு விதி போட்டார். 6:05-க்கு மேல் வந்தால் 50 ரூபாய் அபராதம், மாதக் கடைசியில் அந்தப் பணத்தில் எல்லோருக்கும் டிபன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என்ன நடந்தது தெரியுமா? ஐம்பது ரூபாய் பெரிதாகத் தெரியாதவர்கள் நிம்மதியாக 6:20-க்கு வர ஆரம்பித்தார்கள். காசு கட்டிவிட்டோமே, அப்புறம் என்ன குற்ற உணர்ச்சி? இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், 2000-ல் வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் லேட்டாக வருகிறவர்கள் அதிகமானார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் அது குறையவில்லை. எங்கள் குளத்தில் நான் கண்ணால் பார்த்தது அதே விஷயம்.

இன்னொரு பக்கம், அந்த 50 ரூபாயும் எல்லோர் எதிரில் கேட்கிற கேள்வியும் தாங்க முடியாதவர்கள் வராமலே நின்றுவிட்டார்கள். இன்று 6:22-க்கு வந்தாரே அந்த அக்கா, அவரும் அப்படித்தான். "மகாராணி வந்தாச்சு" என்று கோச் ஒருநாள் சொன்னார். மறுநாளிலிருந்து அவரைக் காணவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மாமனாருக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் அக்கா வண்டியை எடுக்க முடியும். அதை யாரிடமும் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அன்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் முடிவு செய்தேன், லேட்டாக வருகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று.

இப்போது எங்கள் குழுவில் நடப்பதைச் சொல்கிறேன். கோச் மாறியதும் எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது இது. 6 மணிக்கு இரண்டே பேர் இருந்தாலும் தொடங்கிவிடுவோம், யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பத்து நிமிடம் காத்திருக்கும் குழுவில் நேரத்துக்கு வருகிறவர்களும் மெல்ல 6:10-க்கு வரப் பழகிவிடுவார்கள். முதல் 15 நிமிடம் வார்ம் அப்பும், மிதவைப் பலகையைப் பிடித்துக் கால் அடிக்கிற கிக் போர்டு பயிற்சியும்தான், அதற்குள் வந்தால் அப்படியே கலந்துகொள்ளலாம். 6:15-க்கு மேல் வருகிறவர் ஷவர் முடித்து, லேன் ஓரத்தில் உட்கார்ந்து, காலை முதலில் விட்டு இறங்க வேண்டும். மேலேயிருந்து குதிக்கக் கூடாது, கீழே யாராவது வந்துகொண்டிருப்பார்கள். இரண்டு லேனுக்கும் அப்பால் சுவரோரம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம், அங்கே 200 மீட்டர் தனியாக மெதுவாக நீந்துவார். அப்புறம் லேனின் மூலையில் நின்று, எல்லோரும் கடந்து போன பிறகு கடைசி ஆளாகச் சேருவார். லேன் நிறைந்திருந்தால் அன்று சுவரோரமே அவருடைய இடம்.

செட் என்னவென்று நீந்துகிறவரை நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை, கோச் வெள்ளைப் பலகையில் எழுதி வைத்துவிடுவார். விட்டுப்போனதை அவர் திரும்ப விளக்கமாட்டார், 7 மணிக்கு மேல் நேரமும் கொடுக்கமாட்டார். அது கொஞ்சம் கறாராகத் தெரியலாம். ஆனால் அடுத்த பேட்சும் ஒரு பேட்ச்தானே, அவர்கள் நேரத்தை நாம் எடுக்கக் கூடாது. ஒருவர் வாரத்தில் மூன்று நாளும் லேட் என்றால் கோச் தனியாகக் கூப்பிட்டு, "மாலை பேட்ச் வசதியாக இருக்குமா?" என்று கேட்பார். அப்படி இரண்டு பேர் மாலைக்கு மாறி இப்போது சந்தோஷமாக நீந்துகிறார்கள்.

கோச்சுகள் யாராவது இதைப் பார்த்தால், ஒரு விஷயம். லேட்டாக வருகிறவர்களில் சிலருக்கு வீட்டில் எந்த வேலையும் இருக்காது, அவர்களுக்கு பயம். எங்களிடம் 58 வயதில் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். தினமும் 6:20, 6:25. ஒருநாள் எனக்கு லேட்டாகி ஓடி வரும்போது பார்த்தேன், கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் கிணற்றில் மூழ்கித் தப்பியவராம். குளத்தில் எல்லோரும் தண்ணீரை அடித்துக்கொண்டு நீந்தும் சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்கிவிடும். லேட்டாக லேட்டாக அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகத்தானே இருக்கும்? கோச்சிடம் சொன்னேன். அவர் அந்த அண்ணனிடம், "நாளைக்கு 5:45-க்கு வாங்கண்ணா, தண்ணீர் அசையாமல் இருக்கும், படியில் சும்மா உட்காரலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் படியில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். இந்த மாதம் கிக் போர்டு பிடித்து 25 மீட்டர் போகிறார். இன்று நான் 5:50-க்கு வந்தபோது எனக்கு முன்னால் அவர் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

சரி, கோச் பலகையைத் துடைக்கிறார். அடுத்த பேட்ச் பிள்ளைகளின் அம்மாக்கள் உட்கார இடம் பார்க்கிறார்கள், நான் எழுந்திருக்கிறேன்.