வீட்டுக்கு மேசைக் கணினியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'வீட்டுக்கு ஏற்றது மேசைக் கணினியா, மடிக்கணினியா?' இதுதான் தலைப்பு. மேசைக் கணினியே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி மூன்று காரணம் சொன்னார். எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம், இடத்தை அடைக்காது, கரண்ட் போனாலும் ஓடும். மூன்றும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, இவையெல்லாம் வாங்கிய முதல் வாரத்திலேயே கண்ணில் படுகிற நன்மைகள். நான் ஐந்தாவது வருடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கணினி என்று ஒரு பெயரில் கூப்பிட்டாலும் அது பல பாகங்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. நல்ல மானிட்டர் பத்து வருடம் சளைக்காமல் உழைக்கும். ரேம், அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம், பெரும்பாலும் கெடவே கெடாது. விசிறி தூசி அடைத்து இரையத் தொடங்கும். லித்தியம் பேட்டரியோ, சில நூறு தடவை ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும். மேசைக் கணினியில் எது போகிறதோ அது மட்டும் போகும். கீபோர்டு போனால் கீபோர்டு, பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போனால் எஸ்எம்பிஎஸ். மடிக்கணினியில் எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டு போனால் என்ன ஆகிறது? பளிச்சென்று இருக்கிற திரையும், குறையில்லாத கீபோர்டும், நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்தே மூலைக்குப் போகின்றன. ஒரு காய் சொத்தை என்று கொடியையே பிடுங்கி எறிவதைப் போன்றது இது.

மேசைக் கணினிக்கு இந்தக் குணம் தற்செயலாக வந்ததில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் கம்பெனியின் பிசி என்ற மேசைக் கணினியின் உள்ளே, கூடுதல் கார்டுகளைச் செருகுவதற்கென்றே ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. வேறு கம்பெனிகளும் அதற்குக் கார்டு செய்தார்கள், வாங்கியவர் தானே மூடியைக் கழற்றிச் செருகிக்கொண்டார். 1995-இல் இன்டெல் கம்பெனி ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டில் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும், எஸ்எம்பிஎஸ் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதே அளவில் இன்றும் போர்டுகள் வருகின்றன. அதனால் வீட்டில் வருடக்கணக்காக இருக்கிற கேபினட்டுக்குள், அதாவது கணினிப் பெட்டிக்குள், நேற்று வாங்கிய போர்டு உட்காருகிறது. கணினியின் மூளையான ப்ராசஸரை மதர்போர்டில் பொருத்துகிற இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் அந்தக் கம்பெனியின் முதல் ரைசன் ப்ராசஸர்கள் அதில்தான் வந்தன. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்தான். 2017-இல் போர்டு வாங்கியவர்களில் பலர் போர்டிலேயே இருக்கிற பயாஸ் என்ற மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு, அதே போர்டில் ஐந்து வருடம் இளைய ப்ராசஸரை மாட்டினார்கள். இந்த வசதி மடிக்கணினியில் உண்டா?

'மடிக்கணினியிலும் ரேமும், ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டியும் மாற்றலாமே' என்று அடுத்து வருகிறவர் சொல்லக்கூடும். சில மாடல்களில் மாற்றலாம். ஆனால் போக்கு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பாருங்கள். 2008-இல் வந்த ஆப்பிளின் மேக்புக் ஏர் மடிக்கணினியிலேயே ரேமைக் கழற்ற முடியாதபடி போர்டோடு சாலிடர் செய்துவிட்டார்கள். 2012-இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினார்கள். அப்புறம் மெல்லிசாக இருப்பதே பெருமை என்று ஆன பிறகு மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். அப்படிப்பட்ட மடிக்கணினியை எட்டு ஜிபி ரேம் என்று வாங்கினால் கடைசிவரை எட்டு ஜிபிதான். 2021-இல் ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனி, வாங்கியவரே கழற்றி மாட்டக்கூடிய மடிக்கணினியைக் கொண்டுவந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே அது அபூர்வம், எங்கள் பக்கம் அது பிறவிக் குணம்.

வேகத்துக்கு வருகிறேன். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு மேசைக் கணினிக்கும் இருக்கிறது, மடிக்கணினிக்கும் இருக்கிறது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. மேசைக் கணினியில் 24 ஜிபி நினைவகமும், கணக்குப் போடுகிற 16,384 சிறு கோர்களும். மடிக்கணினியில் 16 ஜிபியும் 9,728 கோர்களும். முன்னதற்கு 450 வாட் வரை மின்சாரம் கொடுக்க முடிகிறது. மெல்லிய உடம்புக்குள் அந்தச் சூட்டை அடைக்க முடியாது, சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீடியோ எடிட் செய்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கழுத்தையும் கொஞ்சம் நினையுங்கள். மடிக்கணினியில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்குகிறது. 'தனி மானிட்டரும் கீபோர்டும் மாட்டிக்கொண்டால் போச்சு' என்பார்கள். சரி, மாட்டுங்கள். மாட்டிய அந்த நாளிலிருந்து அது மேசையை விட்டு நகராது. எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

கரண்ட் போனால்? பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் ஒரு யுபிஎஸ் இருந்தால் வேலையைச் சேமித்து நிறுத்தும் அவகாசம் கிடைக்கும். மின்சாரச் செலவு மடிக்கணினிக்குக் குறைவு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களும் ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்க்கிறவர்களும் மடிக்கணினிதான் வாங்க வேண்டும். ஆனால் நமக்குக் கொடுத்த தலைப்பு வீடு. ஒரே கணினியில் அம்மா கணக்குப் பார்த்து, பிள்ளை படித்து, தாத்தா வெளியூர்ப் பேத்தியின் முகம் பார்க்கிற வீடு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. ப்ராசஸர் பழையது என்ற ஒரே காரணத்தால் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத கணினிகள் ஏராளம். மேசைக் கணினிக்காரர் போர்டையும் ப்ராசஸரையும், தேவைப்பட்டால் ரேமையும் மாற்றிவிட்டு, கேபினட், எஸ்எஸ்டி, மானிட்டர் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பின் பேச வரும் எதிரணித் தோழரைக் கேட்கிறேன். அதே நிலைமையில் இருக்கிற ஒரு மடிக்கணினிக்காரர் உங்களிடம் யோசனை கேட்டு வந்தால், விண்டோஸையே விட்டுவிடு, இல்லை புதுசு வாங்கு என்பதைத் தவிர வேறு என்ன சொல்வீர்கள்? பதில் இருந்தால் இந்த மேடையில் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.