"நீ எந்த நாட்டு ஆள்?": அமெரிக்க அரசியலில் யூதர்கள் மீது விழும் பழைய பழி

[திரையில்: வானொலி ஒலிவாங்கி. கீழே எழுத்து: ஜூன் 2015]

பெர்னி சாண்டர்ஸ் அப்போது அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட முயன்றுகொண்டிருந்தார். நாடு முழுக்க ஒலிபரப்பாகும் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேட்டி. நடுவில் தொகுப்பாளர், "உங்களுக்கு இஸ்ரேல் குடியுரிமையும் இருக்கிறது" என்று சொன்னார். கேள்வியாகக் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்த செய்திபோலச் சொன்னார். சாண்டர்ஸ் உடனே மறுத்தார். தான் அமெரிக்கக் குடிமகன், வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்றார். தொகுப்பாளர் விடவில்லை. எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதே என்றார். பின்னால் மன்னிப்புக் கேட்டார்.

சாண்டர்ஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா போலந்திலிருந்து வந்தவர். இஸ்ரேல் அரசைக் கடுமையாக விமர்சிக்கும் அமெரிக்க அரசியல்வாதிகளில் ஒருவர். அப்படியிருந்தும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் எப்படி வந்தது? அவர் யூதர். பட்டியல் போட்டவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

வணக்கம். இன்றைய வீடியோ இந்தப் பழியைப் பற்றித்தான். "யூதர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் மனசு வேறெங்கோ இருக்கும்" என்ற பேச்சு. இதை இரட்டை விசுவாசம் என்பார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் இதை வைத்து ஒன்றையொன்று குற்றம் சாட்டுகின்றன. இரண்டுமே இதைப் பயன்படுத்தியும் இருக்கின்றன. ஆனால் இது இஸ்ரேல் என்ற நாடு உருவாவதற்கு முன்பே இருந்த பழி. அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

[திரையில்: பாரிஸ் வரைபடம், 1894]

ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் ஒரு யூதர், பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படை கேப்டன். பிறந்தது ஆல்சாஸ் பகுதியில். 1871இல் ஜெர்மனி அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டபோது, எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று தேர்ந்தெடுத்த குடும்பம் அவருடையது. நாட்டுப்பற்றை இதைவிட வெளிப்படையாக எப்படிக் காட்டுவது?

1894இல் பாரிஸிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து ஒரு கடிதம் பிரெஞ்சு உளவுத்துறையின் கைக்கு வந்தது. யாரோ ஒரு பிரெஞ்சு அதிகாரி ராணுவ ரகசியங்களை ஜெர்மனிக்கு விற்கிறார் என்று அதிலிருந்து தெரிந்தது. சந்தேகம் டிரைஃபஸ் மீது விழுந்தது. அக்டோபர் 15ஆம் தேதி கைது செய்தார்கள்.

இனிமேல் நடந்ததைக் கவனமாகப் பாருங்கள். கடிதத்தின் கையெழுத்தை ஆராய அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் என்ற பெயர்பெற்ற காவல்துறை நிபுணரைக் கூப்பிட்டார்கள். கடிதத்தின் கையெழுத்து டிரைஃபஸின் கையெழுத்தோடு சில இடங்களில் ஒத்துப்போனது, பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பெர்ட்டியோன் என்ன சொன்னார் தெரியுமா? மாட்டிக்கொண்டால் தப்பிக்க வேண்டும் என்று டிரைஃபஸே தன் கையெழுத்தைப் போலி செய்து எழுதியிருக்கிறார் என்றார். ஒற்றுமை இருந்தால் அவர் எழுதியது. வேற்றுமை இருந்தால் அதுவும் அவர் திட்டமிட்டு எழுதியது. வீட்டைச் சோதனை போட்டார்கள், எதுவும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே மறைத்துவிட்டார் என்று அதையும் அவருக்கு எதிராகவே எழுதினார்கள்.

இந்தப் பழியின் முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் செய்த காரியத்தை வைத்துக் குற்றம் சாட்டினால், அதைச் செய்யவில்லை என்று அவர் நிரூபிக்க வழி உண்டு. அவருடைய பிறப்பை வைத்துச் சந்தேகப்பட்டால் எதைக் காட்டி நிரூபிப்பது? அமைதியாக இருந்தால் மறைக்கிறார். மறுத்தால் நடிக்கிறார். ராணுவத்தில் சேர்ந்தால் உளவு பார்க்கத்தான் சேர்ந்திருக்கிறார்.

1895 ஜனவரி 5ஆம் தேதி, ராணுவப் பள்ளி முற்றத்தில் எல்லார் முன்னாலும் அவருடைய பதவிச் சின்னங்களைக் கிழித்து, வாளை முறித்தார்கள். "நான் நிரபராதி, பிரான்ஸ் வாழ்க" என்று அவர் கத்தினார். வெளியே கூட்டம் "யூதர்களுக்குச் சாவு" என்று கத்தியது. அப்புறம் தென் அமெரிக்கக் கரையோரமுள்ள டெவில்ஸ் தீவில் தனிமைச் சிறை.

உண்மையான துரோகி எஸ்டெர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி. உளவுத்துறைத் தலைவர் பிக்கார் 1896இலேயே இதைக் கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1898 ஜனவரியில் எழுத்தாளர் எமில் ஸோலா ஜனாதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதிய பிறகுதான் நாடே இரண்டாகப் பிளந்து விவாதித்தது. டிரைஃபஸ் முழுவதுமாக விடுவிக்கப்பட்டது 1906இல். அதன் பிறகும் அவர் முதல் உலகப்போரில் பிரான்ஸுக்காகப் பணியாற்றினார். 2025 ஜூனில்தான் பிரெஞ்சு தேசிய சபை, இறந்துபோன அந்த மனிதருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி தர ஒருமனதாக வாக்களித்தது.

[திரையில்: அயோவா மாநிலம், டெ மொய்ன் நகரம், செப்டம்பர் 11, 1941]

இப்போது அமெரிக்கா. அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க், ஹிட்லருக்கு எதிரான போரில் அமெரிக்கா சேரக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். போர் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அன்றைக்கு அவர், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் மூன்று கூட்டத்தார் என்றார். பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு. அந்த உரையில் யூதர்கள் "அவர்கள்". சினிமாவும் பத்திரிகையும் வானொலியும் அரசும் "நம்முடையவை". அவர்கள் தங்கள் நலனைப் பார்க்கிறார்கள், நாம் நம் நலனைப் பார்க்க வேண்டும் என்றார். வசைச்சொல் ஒன்றுகூட வரவில்லை. அமெரிக்கக் குடிமக்களை அந்த நாட்டிலிருந்து வெளியே தள்ள "அவர்கள்", "நம்" என்ற இரண்டு சொற்களே போதுமாக இருந்தன.

முப்பது வருடம் கழித்து, 1971இல், வேலையின்மைப் புள்ளிவிவரங்கள் தனக்குப் பாதகமாக வருகின்றன என்று கோபப்பட்ட ஜனாதிபதி நிக்சன், தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தில் எத்தனை யூதர்கள் என்று எண்ணச் சொன்னார். எண்ணிக் கொடுத்தார்கள். சிலரைப் பதவி மாற்றினார்கள்.

[திரையில்: அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம், 2019]

இந்தப் பழி நம் காலத்தில் எப்படிக் கட்சிச் சண்டைக்குள் வந்தது என்று பார்க்க 2019 ஒரு வருடமே போதும்.

பிப்ரவரியில், மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் இல்ஹான் ஓமர், அமெரிக்க அரசியல்வாதிகள் இஸ்ரேலை ஆதரிப்பது பணத்துக்காக என்ற பொருளில் ட்வீட் போட்டார். யூதர்களையும் பணத்தையும் முடிச்சுப்போடும் பழைய அவதூறு அது என்று சொந்தக் கட்சித் தலைவர்களே கண்டித்தார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். மாதக் கடைசியில் ஒரு கூட்டத்தில், ஒரு வெளிநாட்டுக்கு விசுவாசமாக இருக்கச் சொல்லும் அரசியல் செல்வாக்கு இந்த நாட்டில் இருக்கிறது என்று பேசினார். மறுபடி புயல். இஸ்ரேலை ஆதரிக்காவிட்டால் தன்னை அமெரிக்க விரோதி என்கிறார்கள் என்பதே தன் மனக்குறை என்று விளக்கினார். அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல "வெளிநாட்டுக்கு விசுவாசம்" என்ற சொல்லை எடுத்தது தவறு. டிரைஃபஸைச் சிறைக்கு அனுப்பிய சொல் அது.

மார்ச் 7ஆம் தேதி பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக 407, எதிராக 23. டிரைஃபஸ் வழக்கு, இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், கத்தோலிக்கர் என்பதால் சந்தேகத்துக்கு ஆளான கென்னடி, 2001க்குப் பிறகு முஸ்லிம் அமெரிக்கர்கள் பட்ட பாடு, எல்லாவற்றையும் அது ஒரே வரிசையில் வைத்தது. எதிர்த்த 23 பேரும் குடியரசுக் கட்சியினர். யூத வெறுப்பை மட்டும் தனியாகக் கண்டிக்காமல் நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்பது அவர்களில் பலருடைய வாதம். எனக்கு அந்த வரிசை சரியாகவே படுகிறது. பழி ஒன்றுதான், ஆட்கள்தான் மாறுகிறார்கள்.

அடுத்த மாதமே, ஏப்ரலில், யூதக் குடியரசுக் கட்சியினர் கூட்டத்தில் ஜனாதிபதி டிரம்ப் பேசினார். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாஹுவைக் குறிப்பிடும்போது "உங்கள் பிரதமர்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 20ஆம் தேதி, ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் யூதர்கள் ஒன்று விவரம் தெரியாதவர்கள், இல்லையென்றால் பெரும் விசுவாசமற்றவர்கள் என்றார். யாருக்கு விசுவாசமில்லை? மறுநாள் அவரே சொன்னார்: யூத மக்களுக்கும் இஸ்ரேலுக்கும். அமெரிக்க யூதர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பவர்கள்.

ஓமர் பேச்சையும் டிரம்ப் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் அந்த விசுவாசத்தைக் குறையாகப் பேசினார், இன்னொருவர் அது போதவில்லை என்று குறைப்பட்டார். இரண்டாவது பேச்சு இன்னும் நேரடியானது. யூதர் என்றால் இஸ்ரேலுக்குக் கடமைப்பட்டவர் என்று நாட்டின் ஜனாதிபதியே வெளிப்படையாகச் சொன்ன பேச்சு அது. இதற்கு நடுவில், ஜூலை மாதம், டிரம்பின் கூட்டத்தில் ஓமரைக் குறித்து "அவளைத் திருப்பி அனுப்பு" என்று ஆட்கள் கோஷம் போட்டார்கள். சோமாலியாவிலிருந்து சிறு வயதில் அகதியாக வந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அவர்.

[திரையில்: சக் ஷூமரின் படம். 2015, 2024, 2025]

ஒரே மனிதர் மீது இரண்டு பக்கமும் விழுந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி செனட்டர் சக் ஷூமர். 2015இல் ஒபாமாவின் ஈரான் அணுசக்தி ஒப்பந்தத்தை, இஸ்ரேல் அரசைப் போலவே, எதிர்த்தார். அவருடைய வாதங்கள் சரியா என்று பேசாமல், இவர் யாருக்கு விசுவாசி என்று இடதுசாரிப் பக்கமிருந்தே சிலர் கேட்டார்கள். 2024 மார்ச்சில் செனட்டில் நின்று நெதன்யாஹுவைக் கண்டித்து, இஸ்ரேலில் புதிய தேர்தல் வேண்டும் என்றார். ஒரு வருடம் கழித்து டிரம்ப், ஷூமர் இப்போது யூதரே இல்லை, பாலஸ்தீனியர் ஆகிவிட்டார் என்றார். ஒருவரைத் திட்டுவதற்கு இன்னொரு மக்களின் பெயரையே வசைச்சொல்லாக்கினார். ஆக, இஸ்ரேல் அரசோடு ஒத்துப்போனாலும் குற்றம், எதிர்த்தாலும் குற்றம்.

இங்கே ஒரு பெயரைச் சிலர் கட்டாயம் எடுப்பார்கள். ஜொனாதன் பொல்லார்ட். அமெரிக்கக் கடற்படையின் உளவுத் தகவல் பகுப்பாய்வாளர். யூதர். ரகசிய ஆவணங்களை இஸ்ரேலுக்குக் கொடுத்து 1985இல் பிடிபட்டார். ஆயுள் தண்டனை பெற்று 30 வருடம் சிறையில் இருந்தார். இது உண்மை, மறைக்க வேண்டியதே இல்லை. ஆதாரம் இருந்தது, தண்டனை கிடைத்தது. எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சென் பல வருடங்கள் மாஸ்கோவுக்கு ரகசியம் விற்று 2001இல் பிடிபட்டார். அவர் தவறாமல் தேவாலயம் போகும் கத்தோலிக்கர். அதற்காக அமெரிக்கக் கத்தோலிக்கர்களை யாரும் சந்தேகப்படவில்லை. படவும் கூடாது.

இஸ்ரேல் அரசியல்வாதிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 1950இல் பிரதமர் பென்-குரியன், அமெரிக்க யூதர்களுக்கு இருக்கும் ஒரே அரசியல் பிணைப்பு அமெரிக்காவோடுதான், இஸ்ரேலுக்கு அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல என்று ஜேக்கப் பிளாஸ்டைன் என்ற அமெரிக்க யூதத் தலைவரிடம் அறிவித்தார். 2015இல் நெதன்யாஹு, தான் உலக யூதர்கள் எல்லாருக்கும் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டார். அமெரிக்க யூதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இஸ்ரேல் தேர்தலில் ஓட்டே கிடையாது.

[திரையில்: கறுப்புப் பின்னணி, இரண்டு ஊர்ப் பெயர்கள் மட்டும்]

இது வெறும் பேச்சு விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி கொலராடோவின் போல்டர் நகரில், காசாவில் இருந்த பணயக் கைதிகளுக்காக அமைதியாக நடந்துபோனவர்கள் மீது ஒருவன் தீக்குண்டு வீசினான். 82 வயதுப் பெண்மணி ஒருவர் பின்னர் இறந்தார். 2023 அக்டோபரில் இலினாய் மாநிலத்தில் ஆறு வயதுப் பாலஸ்தீன அமெரிக்கச் சிறுவனை, குடியிருந்த வீட்டின் உரிமையாளரே குத்திக் கொன்றான். எங்கோ நடக்கும் போருக்கு, அங்கே எந்த முடிவும் எடுக்காதவர்களிடம் கணக்குக் கேட்டார்கள்.

சரி, அப்படியானால் இஸ்ரேலையும் அதன் ஆதரவாளர்களையும் விமர்சிக்கவே கூடாதா? தாராளமாக விமர்சிக்கலாம். காசாவில் செத்த குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறவரை யூத விரோதி என்று வாயடைக்கும் வேலையும் நடக்கிறது. அதுவும் அநியாயம். யூதர்களிலேயே எத்தனையோ பேர் அந்தப் போருக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள்.

ஏய்பேக் என்ற இஸ்ரேல் ஆதரவு அமைப்பை எடுத்துக்கொள்வோம். 2024இல் நியூயார்க்கின் ஜமால் பவ்மன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரைக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்கடிக்க, அதன் பிரசார நிதியமைப்பு ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவு செய்தது. தேர்தலில் பணம் இப்படிப் பாய்வதைக் கேள்வி கேட்பது ஜனநாயகத்தில் அவசியம். அதே நேரம், அமெரிக்காவின் இஸ்ரேல் ஆதரவை யூதர்கள் மட்டும் தாங்கிப்பிடிக்கவில்லை. போதகர் ஜான் ஹேகி 2006இல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு, தன்னிடம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அமெரிக்க யூதர்களின் மொத்தத் தொகையே அதைவிடக் குறைவு. அந்தக் கிறிஸ்தவர்களிடம் யாரும் போய் "நீ எந்த நாட்டு ஆள்" என்று கேட்பதில்லை.

அதனால் கமென்டில் எழுதும்போது ஆளையும் காரியத்தையும் சொல்லி எழுதுங்கள். "இந்த செனட்டர் இந்த ஆயுத விற்பனைக்கு ஆதரவாக வாக்களித்தார், இந்த அமைப்பிடமிருந்து இவ்வளவு நன்கொடை வாங்கினார், அது தவறு." இதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். "அவர் யூதர், அப்படித்தான் வாக்களிப்பார்" என்று எழுதினால் அவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதே செனட்டில் அதே பக்கம் வாக்களித்த மற்றவர்களும் சத்தமில்லாமல் தப்பித்துவிடுவார்கள்.