கோழித் தலைக்குள் ஒளித்த மருந்து: நரிகளிடம் விசர் நோய் தோற்ற கதை

வணக்கம் உறவுகளே! 1978 ஒக்டோபர். சுவிஸில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. ஆட்கள் போய்ப் புதர் ஓரமெல்லாம் கோழித் தலைகளை வைத்துவிட்டு வருகிறார்கள். ஒவ்வொரு தலையிலும் தோலுக்கு அடியில் விசர் நோய்த் தடுப்பு மருந்து. விருந்தாளி யார் தெரியுமா? காட்டு நரி!

ஏன் இந்த வேலை? நரிகள் ஐரோப்பாவின் பல நாடுகளில் விசரைப் பரப்பிக்கொண்டிருந்தன. சுட்டார்கள், வளைக்குள் நச்சுப் புகை அடித்தார்கள். செத்த நரியின் இடத்துக்கு அடுத்த நரி வந்தது. அவ்வளவுதான் பின்னணி.

இனி எனக்குப் பிடித்த இடம். குளிசை அட்டையில் ஒரு குமிழ் இருக்கும் அல்லவா? கோழித் தலைக்குள் வைத்ததும் அதே மாதிரிக் குமிழ்தான், உள்ளே குளிசைக்குப் பதில் திரவ மருந்து. நரி கடித்ததும் குமிழ் உடைந்து மருந்து வாயின் உட்தோலிலும் டொன்சிலிலும் படவேண்டும். வலுவிழந்த வைரஸ் அங்கேதான் உள்ளே நுழையும், உடம்பும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். கடிக்காமல் முழுசாக விழுங்கினால்? வயிற்று அமிலம் மருந்தைக் கொன்றுவிடும். ஆகவே தின்னவைத்தால் போதாது, கடிக்கவைக்க வேண்டும்!

எங்கள் வீட்டு நாய்க்குப் பூச்சிக் குளிசை கொடுத்த கதையைச் சொல்கிறேன். பாண் துண்டுக்குள் குளிசையை வைத்துப் பட்டரும் பூசிக் கொடுத்தோம். பாண் போய்விட்டது. குளிசை மட்டும் ஈரத்தோடு படலையடியில் கிடந்தது. அடுத்த நாள் மீன் துண்டில் வைத்தோம், ஒரே விழுங்கு. குளிசைக்கு அது சரி. ஆனால் இந்த மருந்தென்றால் இரண்டு தரமும் வீண்தான். கோழித் தலையில் எலும்பு இருக்கிறது, நொறுக்காமல் உள்ளே போகாது. அதைக் கண்டுபிடித்தவர்களின் மூளையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அவர்கள் இடத்தையும் நன்றாகத் தெரிந்தெடுத்தார்கள். ஜெனீவா ஏரிப் பக்கமிருந்து நோய் ரோன் பள்ளத்தாக்குக்குள் வரப்பார்த்தது. இரண்டு பக்கமும் உயர்ந்த மலை, நரிக்கு வேறு வழியில்லை. அந்த வாசலில் தலைகளைப் பரப்பினார்கள். நோய் அதைத் தாண்டவில்லை!

பிறகு மீன்தூளும் கொழுப்பும் சேர்த்த இரைகளைத் தொழிற்சாலையில் செய்து, விமானத்திலிருந்தும் போட்டார்கள். இந்த முயற்சிக்கு முன்னின்ற பேராசிரியர் பிரான்ஸ் ஸ்டெக், 1982இல் மருந்து போடும் பணியின்போது ஹெலிகொப்டர் விபத்தில் உயிரிழந்தார். அவர் பெயரை நாம் தெரிந்திருக்க வேண்டும். சுவிஸ் 1999இலும் ஜெர்மனி 2008இலும் விசர் நோயற்ற நாடுகளாயின.

சரி, நரி இரையைத் தின்றதா என்று எப்படித் தெரியும்? இரையில் டெட்ராசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் மருந்தைக் கலந்திருப்பார்கள். அது பல்லிலும் எலும்பிலும் படியும். செத்த நரியின் பல்லை மெல்லிசாகச் சீவி, புறஊதா ஒளியில் பிடித்தால் மஞ்சள் கோடு ஒன்று மினுங்கும். நரி சாட்சி சொல்கிறது!

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே பயப்பட வேண்டியது நரிக்கு அல்ல, நாய்க்கு. உலகத்தில் விசரால் சாகும் மனிதர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு நோய் நாயிடமிருந்துதான் வருகிறது. பரவலை நிறுத்த 70 வீதமான நாய்களுக்காவது தடுப்பு மருந்து போகவேண்டும். வீட்டு நாயைப் பிடித்து ஊசி போடலாம். சந்தையடியில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய் கயிற்றைக் கண்டதும் ஓடிவிடும். தாய்லாந்தில் அப்படியான நாய்களுக்கு முட்டைச் சுவையில் இரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊசியோடு சேர்த்து இதுவும் இங்கே வரவேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை, நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். இந்த ஒரு பகுதியையாவது வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் வளவு நாய் மீன் தலையைக் கண்டால் கடித்து நொறுக்குமா, அப்படியே விழுங்குமா? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.