மாத்திரை வாங்க அம்மாவை மாதாமாதம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி. திருவண்ணாமலை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. மாதாமாதம் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிறார்கள். அன்றைக்கு இவருடைய கூலியும் போய்விடுகிறது. வேறு வழி உண்டா என்கிறார்.

உண்டும்மா. இதைப் படித்ததும் எனக்கு என் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. ஒருநாள் அவர் தலையணையை நகர்த்தினால், அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ரெண்டு மாசம் வரும், அண்ணன் லீவு போட வேண்டாம் பாரு" என்றார். மாத்திரை இலவசம்தான். கூடப் போகிற ஆளின் ஒருநாள் சம்பளம்தான் அவரைத் தடுத்தது.

இதற்காகவே வந்ததுதான் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார். நீங்கள் அம்மாவின் பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

அப்போதே பிசியோதெரபியும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பலர் மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவார். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் செய்யும் பயிற்சிக்குத்தான் கை கால் நன்றாக மீளும், அதைத் தவற விடாதீர்கள். சொல்லியும் யாரும் வரவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரையே பாருங்கள், 104 சுகாதார உதவி எண்ணுக்கும் போன் போடலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று எடுத்தீர்களா? கடுமையான பாதிப்பு என்று சான்று கிடைத்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இது வேறு துறை என்பதால் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் சொல்வதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அம்மாவைக் கூட்டிப்போகும் முன் சான்று கொடுக்கும் முகாம் எந்த நாள், என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரே நடையில் முடியும்.

வீட்டுக்கு ஆள் வரும்வரை மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். தீரும் முன்பே சீட்டோடு நீங்கள் போய்க் கேளுங்கள்.