செடி வளர்கிறது, காய் மட்டும் வரவில்லையே? அடுக்குமாடி வீட்டுத் தோட்டம்: சந்தேகத்துக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கிறேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா அனுப்பியிருக்கிறார். படித்துவிடுகிறேன். “தம்பி, எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. வாசலில் காரிடார். ஆறு தொட்டி வைத்திருக்கிறேன். கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய் எல்லாம் போட்டேன். நெஞ்சுயரம் வளர்ந்துவிட்டது. பூவும் விடுகிறது, ஆனால் கொட்டிவிடுகிறது. ஆறு மாதத்தில் ரெண்டே ரெண்டு வெண்டைக்காய்தான் பறித்தேன். உரம் மாற்றிப் பார்த்தேன், மண் மாற்றிப் பார்த்தேன். ஊரில் எங்கள் அம்மா கொல்லைப்பக்கம் விதையை வீசிவிட்டு வந்தாலே காய்க்கும். எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

அக்கா, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று சொல்லித் தொட்டியைக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெண்டைச் செடியில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தண்டு பென்சில் பருமன்கூட இல்லை. ஆறு செடியும் ஒரே பக்கமாக, காரிடார் சுவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கின்றன. அது நல்ல வளர்ச்சி இல்லை அக்கா, வெயிலைத் தேடி ஓடுகிற ஓட்டம். உங்கள் அம்மாவின் கொல்லையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தலைக்கு மேல் வெயில். உங்கள் காரிடாரில் தலைக்கு மேல் பத்தாவது மாடி. வித்தியாசம் அவ்வளவுதான். வெயில் போதாத செடிக்கு உரத்தை ஏற்றினால் இலைதான் பெருகும், காய் வராது.

அதனால் மண் வாங்கும் முன், விதை வாங்கும் முன், வெயிலை அளக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். தொட்டி வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக, ஓரம் வெட்டினாற்போல நிழல் விழுந்தால் அது நேர் வெயில். கை மாதிரி ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தால் வெளிச்சம் மட்டும்தான். நிழலே இல்லை என்றால் அங்கே காய்கறி வேண்டாம். காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து, அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். மழை நாளை விட்டுவிட்டு மூன்று நாள் செய்தால் போதும். ஒரு விஷயம், இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, 1 மணி வாக்கில்தான். 1982-ல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து இப்படித்தான். அதனால் 12 மணியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது திசை. இது எனக்கே புரிய ரெண்டு வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே, கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே இருக்கிறது. இங்கே சூரியன் வருடத்தில் பாதி நாள் நமக்கு வடக்கே போகும், பாதி நாள் தெற்கே போகும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வடக்கு, மீதி மாதங்கள் தெற்கு. உங்கள் காரிடார் வடக்குப் பார்த்தது என்றால் ஜூன் மாதத்தை ஒட்டித்தான் நல்ல வெயில் உள்ளே விழும். டிசம்பரில் ஒரு கீற்றுகூட வராது. தெற்குப் பார்த்தது என்றால் நேர் மாறு. அதிலும் ஒரு சங்கடம், டிசம்பர், ஜனவரி என்பது இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற காலம். வெயில் உங்கள் பக்கம் வருகிற நேரத்தில் மேகம் வந்து நிற்கும். ஆனால் பிப்ரவரி மழை குறைந்த மாதம், சூரியனும் இன்னும் தெற்கே இருக்கும். தெற்குப் பார்த்த காரிடார்காரர்களுக்கு அந்த ஐந்தாறு வாரம் பொன்னான காலம். டிசம்பர் தொடக்கத்தில் மிளகாய் நாற்று நட்டால் பூக்கிற நேரம் அதில் வந்து விழும்.

கிழக்குப் பார்த்த வீட்டுக்கு ஏறக்குறைய வருடம் முழுக்கக் காலை வெயில், மூன்று நான்கு மணி நேரம். மேற்குப் பார்த்ததற்குச் சாயங்கால வெயில், அது கொஞ்சம் சுடும், தொட்டிச் சுவரே கொதிக்கும், ரெண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். எதிரே இன்னொரு அடுக்குமாடி புளோக் நெருங்கி நின்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறிப்போகும். அதற்குத்தான் அந்தத் தாள்.

வீடு வாங்கும்போது நாம் எல்லாருமே ‘வெயில் அடிக்காத வீடாக இருக்கட்டும்’ என்று தேடித்தான் வாங்கினோம். நமக்கு நல்லது, வெண்டைக்கு நல்லதில்லை.

சரி, எத்தனை மணி நேர வெயிலுக்கு என்ன போடலாம்? காய் காய்க்கிற எதற்கும், அதாவது கத்திரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பாகல் எல்லாவற்றுக்கும் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மிளகாய் மட்டும் ஐந்தில் சமாளிக்கும், குறைவாகக் காய்க்கும். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் கீரைக்குப் போய்விடுங்கள். தண்டுக்கீரை, அரைக்கீரை, பசலை, கங்கோங் என்கிற தண்ணீர்க்கீரை, சர்க்கரைவள்ளி இலை. கங்கோங்கை விதைக்கக்கூட வேண்டாம், காய்கறி, மீன் விற்கிற ஈரச்சந்தையில் வேரோடு விற்கிற கட்டை வாங்கி, மேல் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அடித்தண்டை நான்கு விரல் நீளம் விட்டு நட்டால் துளிர்த்துவிடும். ரெண்டு மணி நேரம்தான் வருகிறதா? சமையலில் மணத்துக்குப் போடுகிற பாண்டான் இலை, புதினா, கற்பூரவல்லி. இவை கோபித்துக்கொள்ளாது.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வி அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அதில்தான் மனம் நோகிறார்கள். பெரிய தக்காளிக்கு வெயில் மட்டும் போதாது, இரவில் குளிர வேண்டும். இங்கே இரவிலும் வெப்பம் 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்காது. அந்தச் சூட்டில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். உங்கள் தக்காளிப்பூ கொட்டியதற்குப் பாதிக் காரணம் இதுதான். சின்னச் சின்னதாகக் கொத்தாகக் காய்க்கிற செர்ரி தக்காளியை முயன்று பாருங்கள், அது சூட்டைக் கொஞ்சம் தாங்கும்.

கத்திரிப்பூவுக்கு ஒரு சின்ன உதவி செய்யலாம். அதன் மகரந்தம், உப்புக் குடுவையில் இருப்பது மாதிரி, மஞ்சள் குழாயின் நுனியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத்தான் கொட்டும். தோட்டத்தில் வண்டு வந்து பூவைப் பிடித்து ரீங்காரம் போட்டு உதறும். ஒன்பதாவது மாடிக்கு அவ்வளவு வண்டு வருமா? காலையில் பூ விரிந்ததும் காம்பை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். கறுப்புத் துணியைக் கீழே பிடித்தால் மஞ்சள் பொடி விழுவது தெரியும்.

இப்போது உங்கள் ஆறு தொட்டிக்கு வருகிறேன். படத்தில் எல்லாம் தரையில் இருக்கின்றன. உங்கள் காரிடார் சுவர் இடுப்புயரம், அதன் நிழல் முழுக்கத் தொட்டியின் மேல்தான் விழுகிறது. ஓர் உறுதியான இரும்பு ஸ்டாண்டு வாங்கி, தொட்டியின் வாய் சுவரின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரி ஏற்றுங்கள். இது ஒன்றிலேயே ஒரு மணி நேரம், சில வீடுகளில் ரெண்டு மணி நேரம் வெயில் கூடும். ஆனால் சுவரின் மேலே மட்டும் வைக்காதீர்கள், வெளிப்பக்கம் தொங்கவும் விடாதீர்கள். ஒரு சாண் தொட்டி ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போய்விடும். அப்புறம், நடந்து போகிற வழி குறைந்தது 1.2 மீட்டர் தெளிவாக இருக்க வேண்டும், தீ விபத்து என்றால் ஆட்கள் ஓட வேண்டிய வழி அது. அளவுநாடாவை வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சக்கரநாற்காலி திரும்புமா என்றும் பாருங்கள்.

தண்ணீர். விரலை ரெண்டு கணு மண்ணுக்குள் விடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விடுங்கள். இலை மஞ்சளானால் உடனே தண்ணீர் ஊற்றுகிறார்கள். பாதி நேரம் தண்ணீர் அதிகமானதால்தான் மஞ்சளாகிறது.

அதைவிட முக்கியம், தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. இது நான் பட்ட அனுபவம். மூன்று வருடம் முன்னால் ஒரு வாரம் பினாங்கு போய்விட்டு வந்தேன். கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினால், தட்டில் விரலளவு தண்ணீர், அதில் நெளிந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு புழு. கொசுப்புழு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது அக்கா. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். அதன் முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. மேல்மண் இறுகிப்போய்த் தண்ணீர் தேங்கி நின்றால் அதையும் கிளறிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது தட்டையெல்லாம் எடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். செடி வாடினால் வாடட்டும்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கடையில் பையில் விற்கிற தொட்டி மண் மூன்று பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். கத்திரிக்கும் வெண்டைக்கும் ஓர் அடி ஆழத் தொட்டி வேண்டும், கீரைக்கு அரை அடி போதும். அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றைக்கே ஊற்றுங்கள், சேர்த்துவைத்தால் நாறும். பச்சைக் காய்கறித் தோலை அப்படியே தொட்டியில் புதைக்காதீர்கள், கரப்பானும் எலியும் வரும், முகம் சுளிப்பது பக்கத்து வீட்டுக்காரர்.

பூச்சி என்றால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிற மாவுப்பூச்சிதான் இங்கே பெரிய தொல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அதுதான் மாவுப்பூச்சிக்குக் காவல். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துப் போட்டுவிடாதீர்கள், உற்றுப் பாருங்கள், அது நகரும். வண்ணத்துப்பூச்சிப் புழு. பிறகு பச்சையாகிவிடும், ஒரே நாளில் ஒரு கொத்தைத் தின்று முடிக்கும். நான் அதற்கென்று ஒரு கிளை விட்டுவைக்கிறேன். நம் பிள்ளைகள் கூட்டுப்புழுவைக் கண்ணால் பார்க்கட்டும்.

ஆறு மணி நேர வெயில் எப்படியும் வராது, ஆனால் கத்திரிக்காய் பறித்தே ஆக வேண்டும் என்றால், கீழே இறங்க வேண்டியதுதான். புளோக் ஓரப் புல்தரையில் நாமாகக் குழி தோண்டக் கூடாது. உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று குடியிருப்பாளர் குழுவிடம் கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கிய திட்டம் அது. அதே கழகம் பூங்காக்களில் வாடகைக்குத் தோட்டப் பாத்தியும் தருகிறது. ரெண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று வருடத் தவணை. நம் மூத்தவர்கள் பலர் அங்கே முருங்கைக்கீரையும் அகத்தியும் பேசிக்கொண்டே வளர்க்கிறார்கள், பார்க்கவே நிறைவாக இருக்கும்.

அக்கா, இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். தக்காளியை எடுத்துவிட்டு அந்த மண்ணில் தண்டுக்கீரை விதையைத் தூவுங்கள், நான்கு வாரத்தில் பொரியலுக்கு வந்துவிடும். வேரோடு பிடுங்காமல் ரெண்டு விரல் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். மிளகாயை மேலே ஏற்றுங்கள். வெண்டையையும் கத்திரியையும் அப்படியே விடுங்கள், அந்தத் தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம். மூன்று நாள் குறித்ததைப் படம் எடுத்து, காரிடார் எந்தத் திசை என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் உங்கள் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.